இலங்கையின் அதிகாரப்பூர்வப் பெயர்

இலங்கையின் அதிகாரப்பூர்வப் பெயர் "இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு" என்பதாகும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி இப்பெயர் நடைமுறையில் உள்ளது. 1972ஆம் ஆண்டு மே 22 வரை இந்நாடு ஆங்கிலத்தில் "சிலோன்" என்று அழைக்கப்பட்டது. அன்று முதல் "ஸ்ரீ லங்கா" என்பது உலக அளவில் அதன் பெயராயிற்று. எனினும் தமிழில் இந்நாட்டின் பெயர் இவ்விரு காலங்களிலும் "இலங்கை" என்றே இருந்து வருகிறது. ஒரே நாடு வெவ்வேறு மொழிகளிலும் வெவ்வேறு காலங்களிலும் பெற்ற பெயர்கள் வரலாற்றைப் படிப்போருக்குக் குழப்பம் தரக்கூடியவை. அந்நாட்டில் வாழ்ந்த மக்களின் அடையாளத்துடனும் உரிமைகளுடனும் இப்பெயர்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

அதிகாரப்பூர்வப் பெயர் என்றால் என்ன

ஒரு நாட்டிற்குப் பொதுவாக இரண்டு வகைப் பெயர்கள் உள்ளன. ஒன்று அன்றாட வழக்கில் உள்ள குறும்பெயர். மற்றொன்று அரசியலமைப்பு, உடன்படிக்கைகள், கடவுச்சீட்டு ஆகியவற்றில் இடம்பெறும் முழுப்பெயர். "இலங்கை" என்பது குறும்பெயர். "இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு" என்பது முழுப்பெயர். முழுப்பெயர் நாட்டின் ஆட்சி முறையையும் அறிவிக்கிறது. முடியாட்சியா குடியரசா, கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்பன போன்ற செய்திகள் பல நாடுகளின் முழுப்பெயரிலேயே அடங்கியுள்ளன.

ஒரு நாடு தன் பெயரைத் தானே முடிவு செய்கிறது. ஐக்கிய நாடுகள் அவை போன்ற அமைப்புகள் அந்நாடு அறிவிக்கும் பெயரைத் தம் பட்டியல்களில் பதிவு செய்கின்றன. ஆனால் பிற மொழிகளைப் பேசுவோர் தத்தம் மொழியில் அந்நாட்டை எவ்வாறு அழைக்கின்றனர் என்பது பெரும்பாலும் மரபையே சார்ந்துள்ளது. செருமனி நாட்டினர் தம் நாட்டை "டாய்ச்லாந்து" என்கின்றனர். தமிழில் அது செருமனி அல்லது ஜெர்மனி ஆகும். இலங்கையைப் பொறுத்தவரை தமிழ் அயல்மொழி அன்று, அந்நாட்டின் மொழிகளுள் ஒன்று. ஆகவே "இலங்கை" என்பது தமிழர்கள் அந்நாட்டிற்கு வைத்துக்கொண்ட வழக்குப் பெயராக மட்டும் இல்லாமல், அந்நாட்டரசின் ஆவணங்களிலும் உள்ள பெயராகும்.

பழைய பெயர்கள்

தமிழில் இத்தீவுக்கு ஈழம், இலங்கை ஆகிய இரு பெயர்களும் பழங்காலம் முதல் வழங்கி வருகின்றன. திருப்பரங்குன்றத்தில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டொன்றில் ஈழம் என்னும் பெயர் காணப்படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்திற்கு ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் கயவாகு மன்னனை இலங்கையின் அரசனாகக் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் இத்தீவு ஈழமண்டலம் எனப்படுகிறது.

கிரேக்க ஆசிரியர்கள் இதனைத் "தப்ரபேன்" என்றும், அரபு வணிகர்கள் "செரெண்டிப்" என்றும் அழைத்தனர். பாளி நூல்களில் "தம்பபண்ணி", "லங்கா" ஆகிய பெயர்கள் உள்ளன. இவை யாவும் பிற்கால ஆட்சியாளர் சூட்டிய பெயர்களுக்கு முற்பட்டவை.

சிலோன்

1505இல் போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தனர். அவர்கள் இதனைச் "செயிலாவோ" என்றனர். 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தரும், 1796இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் இதே பெயரைத் தத்தம் மொழிக்கேற்பத் திரித்து வழங்கினர். ஆங்கிலத்தில் அது "சிலோன்" ஆயிற்று. இப்பெயர் சிங்களத்தைக் குறிக்கும் "சீகள" என்னும் பாளிச் சொல்லின் வழியே அயலாரின் வாயில் உருமாறி வந்தது என்பது பொதுவான கருத்தாகும்.

1815இல் கண்டி இராச்சியமும் ஆங்கிலேயர் வசமானதால் தீவு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே ஆங்கிலப் பெயரின் கீழ் வந்தது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றபோதும் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. 1955ஆம் ஆண்டு திசம்பர் 14 அன்று "சிலோன்" என்னும் பெயரிலேயே இந்நாடு ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று.

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கிலும் இச்சொல் ஆழமாக வேரூன்றியது. 1914இல் தொடங்கிய தொடருந்து, கப்பல் இணைப்புப் பயணமும், பிற்காலத்தில் வானொலியும் இதற்குக் காரணங்களாகும். தமிழ்நாட்டு நேயர்களிடையே "சிலோன் ரேடியோ", "இலங்கை வானொலி" ஆகிய இரு பெயர்களும் ஒரே நிலையத்தைக் குறித்தன.

1972: "ஸ்ரீ லங்கா"

"லங்கா" என்பது சிங்களத்தில் இந்நாட்டிற்கு வழங்கும் பெயர். "ஸ்ரீ" என்பது திரு, சீர் என்னும் பொருள்படும் மதிப்பு அடைமொழி. இவ்விரண்டும் சேர்ந்த பெயர் அரசியலில் 1972க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1951இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் பெயர் இதற்குச் சான்றாகும்.

"ஸ்ரீ" என்னும் எழுத்தே அதற்கு முன்னர் ஒரு பெரும் சர்ச்சைக்குக் காரணமாக இருந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1957 முதல் வாகனப் பதிவெண் பலகைகளில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து சேர்க்கப்பட்டது. தமிழர் பகுதிகளில் அவ்வெழுத்தின் மீது தார் பூசும் எதிர்ப்பியக்கம் நடந்தது. அதற்குப் பதிலாகச் சிங்களர் பகுதிகளில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்கு முந்திய பதற்றத்தில் இந்நிகழ்வுகளும் இடம்பெற்றன.

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான கூட்டணி பெருவெற்றி பெற்றது. புதிய அரசியலமைப்பை இயற்ற அரசியல் நிர்ணய சபை கூட்டப்பட்டது. அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா இப்பணியை முன்னின்று நடத்தினார். மொழி தொடர்பான தம் கோரிக்கைகள் ஏற்கப்படாததால் 1971இல் தமிழரசுக் கட்சி சபையிலிருந்து வெளியேறியது.

1972ஆம் ஆண்டு மே 22 அன்று நாடு குடியரசாக அறிவிக்கப்பட்டது. அன்றே ஆங்கிலப் பெயர் "ஸ்ரீ லங்கா" ஆயிற்று. பிரித்தானிய முடியாட்சியுடனான இணைப்பு முடிவுற்றது. இதே அரசியலமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. முந்தைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகக் கருதப்பட்ட 29ஆம் பிரிவு புதியதில் இடம்பெறவில்லை. ஆகவே குடியேற்ற ஆட்சியின் சின்னத்தைக் களைந்த பெயராகப் பெரும்பான்மையினர் வரவேற்ற ஒரு பெயர், தமக்கு இடம் குறைக்கப்பட்ட ஒரு சட்டத்தின் பெயராகத் தமிழர்களில் பலருக்குத் தோன்றியது. பெயரின் பொருளைக் காட்டிலும் அது எந்த ஆவணத்துடன் வந்தது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகும்.

1978 அரசியலமைப்பு

1978ஆம் ஆண்டு செப்தம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு அரசியலமைப்பு முழுப்பெயரில் "சனநாயக சோசலிச" என்னும் சொற்களைச் சேர்த்தது. இதன் முதலாம் உறுப்புரையின் ஆங்கில வடிவில் "ஸ்ரீ லங்கா" என்பதை அடுத்து அடைப்புக்குறிக்குள் "சிலோன்" என்னும் பழைய பெயரும் தரப்பட்டுள்ளது. புதிய பெயரால் குறிக்கப்படுவது பழைய நாடே என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது. பெயர் மாறினாலும் அரசு மாறுவதில்லை. பழைய உடன்படிக்கைகளும் கடன்களும் கடமைகளும் தொடர்கின்றன.

1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது.

தமிழில் மாறாத பெயர்

1972ஆம் ஆண்டு மாற்றம் தமிழ்ப் பெயர்களில் பெரிய விளைவை ஏற்படுத்தவில்லை. "சிலோன் பல்கலைக்கழகம்" 1972இல் ஆங்கிலத்தில் "ஸ்ரீ லங்கா பல்கலைக்கழகம்" ஆனது. தமிழில் இரண்டுமே "இலங்கைப் பல்கலைக்கழகம்" ஆகும். 1950இல் நிறுவப்பட்ட மத்திய வங்கியின் ஆங்கிலப் பெயர் 1985இல்தான் மாறியது. தமிழில் அது எப்போதும் "இலங்கை மத்திய வங்கி" ஆகும். 1939இல் தொடங்கப்பட்ட "பேங்க் ஆஃப் சிலோன்" தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. தமிழில் அதன் பெயர் "இலங்கை வங்கி".

இதனால் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டாயின. பழைய தமிழ் ஆவணத்தையும் புதிய தமிழ் ஆவணத்தையும் ஒப்பிடுவோருக்கு நாட்டின் பெயர் தொடர்ச்சியாக விளங்குவது நன்மையாகும். ஆங்கில நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் ஓரிடத்தில் "சிலோன்" என்றும், மற்றோரிடத்தில் "ஸ்ரீ லங்கா" என்றும், வேறோரிடத்தில் "இலங்கை" என்றும் எழுதும்போது, இவை வெவ்வேறு நாடுகள் என்றோ வெவ்வேறு அரசுகள் என்றோ மாணவர்கள் கருத இடமுண்டாவது சிக்கலாகும்.

"ஸ்ரீ லங்கா" என்பதை அப்படியே ஒலிபெயர்த்து "சிறீலங்கா", "சிறிலங்கா" என எழுதும் வழக்கமும் உண்டு. ஈழத்தமிழர் எழுத்துகளில் பல வேளைகளில் "இலங்கை" என்பது தீவையும், "சிறிலங்கா" என்பது கொழும்பிலுள்ள அரசையும் குறிக்கக் காணலாம். இவ்வழக்கில் எழுதுபவரின் அரசியல் நிலைப்பாடும் வெளிப்படுகிறது. படிப்போர் இதனை அறிந்திருத்தல் பயனுடையது.

ஈழம் என்னும் சொல்லின் பொருள் மாற்றம்

பழந்தமிழில் ஈழம் என்பது தீவு முழுவதையும் குறித்தது. 1976ஆம் ஆண்டு மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறைவேற்றிய தீர்மானம் "தமிழீழம்" என்னும் தனிநாட்டைக் கோரியது. அதன்பின் ஈழம் என்னும் சொல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் அந்த அரசியல் கோரிக்கையையும் நினைவூட்டுவதாயிற்று. 1983 ஆகத்து மாதத்தில் நிறைவேறிய 6ஆவது திருத்தம் தனிநாடு கோருவதைத் தடை செய்தது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. ஒரே தீவைக் குறித்த இரு பழஞ்சொற்களுள் ஒன்று அரசின் பெயராகவும், மற்றொன்று அவ்வரசிலிருந்து பிரிய விரும்பியோரின் பெயராகவும் ஆனது இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றமாகும். சங்க நூல்களில் வரும் "ஈழம்" என்பதற்கு இப்புதிய பொருளை ஏற்றிப் படிப்பது பிழையாகும்.

மக்களும் ஆவணங்களும்

நாட்டின் பெயர் தனிமனிதரின் வாழ்வைத் தொடுவது பெரும்பாலும் பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றின் வழியாகவே ஆகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்கான சான்றைக் கேட்டது. தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரிடம் அத்தகைய சான்று இல்லை. அவர்கள் நாடற்றவர்களாயினர்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு இவர்களின் எண்ணிக்கையை 9,75,000 எனக் கணக்கிட்டது. 5,25,000 பேருக்கு இந்தியாவும் 3,00,000 பேருக்கு இலங்கையும் குடியுரிமை வழங்குவது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் ஒப்பந்தமானது. உடன்பாடு கையெழுத்தானபோது ஆங்கிலத்தில் "சிலோன்" என்றிருந்த நாடு, அது நடைமுறைப்படுத்தப்பட்ட காலத்தின் இடையிலேயே "ஸ்ரீ லங்கா" ஆயிற்று.

இந்தியா வந்தவர்கள் அரசு ஆவணங்களில் "தாயகம் திரும்பியோர்" எனப்பட்டனர். அவர்களில் பலர் பிறந்தது இலங்கையிலேயே ஆகும். தமிழ்நாட்டு மக்கள் பேச்சில் அவர்கள் "சிலோன்காரர்கள்" எனப்பட்டனர். அங்கே "இந்தியத் தமிழர்" என்றும் இங்கே "சிலோன்காரர்" என்றும் இரு நாடுகளிலும் அவர்கள் மற்ற நாட்டின் பெயராலேயே அறியப்பட்டனர். இலங்கையில் தங்கிவிட்ட நாடற்றோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இன்றும் எஞ்சியுள்ள பழைய பெயர்

"சிலோன்" என்னும் பெயர் வணிகத்தில் இன்றும் உயிருடன் உள்ளது. சிங்க இலச்சினையுடன் விற்கப்படும் "சிலோன் தேயிலை" உலகச் சந்தையில் நன்கறியப்பட்ட பெயராகும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் கறுவா" என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. அரசு நிறுவனங்களில் எஞ்சியிருந்த "சிலோன்" என்னும் பெயரை நீக்க 2011இல் இலங்கை அரசு முடிவெடுத்தது; ஆயினும் சில நிறுவனங்கள் பழைய பெயரிலேயே தொடர்ந்தன.

அனைத்துலகக் குறியீடுகளிலும் இரு பெயர்களின் தடங்கள் உள்ளன.

* ஐஎஸ்ஓ 3166 தரத்தில் இலங்கையின் ஈரெழுத்துக் குறியீடு "எல்கே". "லங்கா" என்பதிலிருந்து வந்த இதுவே இணையத்தில் நாட்டுக் களப்பெயராகவும் உள்ளது.
* அனைத்துலக வாகனக் குறியீடு "சிஎல்". இது "சிலோன்" என்னும் பெயரின் எச்சமாகும்.
* விளையாட்டுப் போட்டிகளில் ஒலிம்பிக் குழு பயன்படுத்தும் குறியீடு "எஸ்ஆர்ஐ". இது "ஸ்ரீ" என்னும் அடைமொழியைக் குறிக்கிறது.
* 2010இல் தமிழ் எழுத்திலான ".இலங்கை" என்னும் களப்பெயரும், சிங்கள எழுத்திலான ".லங்கா" என்னும் களப்பெயரும் ஒப்படைக்கப்பட்டன. இவ்விரண்டிலும் "ஸ்ரீ" இல்லை.

ஒப்பீடு: தமிழ்நாடு

இலங்கையில் ஆங்கிலப் பெயர் மாறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், பாக்குநீரிணையின் மறுகரையில் ஒரு மாநிலத்தின் பெயர் மாறியது. தமிழ்நாடு அப்போது ஆங்கிலத்தில் "மெட்ராஸ்" மாநிலம் எனப்பட்டது. தலைநகருக்கும் மாநிலத்திற்கும் ஒரே பெயர் இருந்தது. 1956ஆம் ஆண்டு சூலை 27 அன்று பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பைத் தொடங்கிய சங்கரலிங்கனார், அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது அக்கோரிக்கைகளுள் ஒன்று.

1961இல் தமிழ் ஆவணங்களில் மட்டும் "தமிழ்நாடு" என எழுத அரசு முடிவெடுத்தது. ஆங்கிலத்தில் பழைய பெயரே தொடர்ந்தது. இது தமிழில் ஒரு பெயர், சட்டத்தில் வேறு பெயர் என்னும் நிலையாகும். 1967ஆம் ஆண்டு சூலை 18 அன்று முதலமைச்சர் கா. ந. அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்ற, 1969ஆம் ஆண்டு சனவரி 14 முதல் புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. மக்கள் நாவில் ஏற்கெனவே இருந்த பெயரைச் சட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இங்குக் கோரிக்கையாக இருந்தது.

"நாடு" என்னும் சொல் தனிநாட்டைக் குறிக்குமோ என்னும் விவாதம் பின்னரும் எழுந்தது. 2023 சனவரியில் அப்போதைய ஆளுநர் ஆர். என். ரவி "தமிழகம்" என்னும் சொல்லே பொருத்தமானது என்று கூறியது கடும் எதிர்ப்புக்குள்ளானது. பெயரை மாற்றப் பரிந்துரைப்பதாகத் தாம் கூறவில்லை என அவர் பின்னர் விளக்கமளித்தார். தமிழில் "நாடு" என்பது சோழநாடு, கொங்குநாடு போன்ற நிலப்பகுதிகளையும் குறிக்கும் பழஞ்சொல்லாகும்.

சிற்றூர்களின் பெயர்களிலும் இத்தகைய குழப்பம் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை உள்ளது. அப்பகுதியில் 1751இல், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபுக்கும் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலிக்கும் இடையே போர் நடந்தது. அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயர் திரிந்து, ஆங்கில நூல்களில் அது "வால்கொண்டா" போர் எனப்படுகிறது. அப்பெயரைக் கொண்டு இன்றைய நிலப்படத்தில் தேடும் மாணவர் அவ்வூரைக் காண்பது அரிது.

பிற நாடுகளின் பெயர் மாற்றங்கள்

* கானா: 1957இல் விடுதலை பெற்றபோது "கோல்டு கோஸ்ட்" என்னும் பெயரைக் கைவிட்டது.
* மலேசியா: 1963ஆம் ஆண்டு செப்தம்பர் 16 அன்று மலாயா, சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியன இணைந்து உருவானது. சிங்கப்பூர் 1965இல் பிரிந்தது. மலாயா என்பது மலேசியாவின் பழைய பெயர் மட்டுமன்று, அதன் ஒரு பகுதியின் பெயருமாகும்.
* மியன்மர்: 1989இல் இராணுவ அரசு "பர்மா" என்னும் ஆங்கிலப் பெயரை மாற்றியது. அமெரிக்க அரசு பழைய பெயரையே தொடர்ந்து பயன்படுத்தியது.
* வட மக்கெதோனியா: தன் வடபகுதியின் பெயரை அண்டை நாடு கொள்வதைக் கிரேக்கம் எதிர்த்தது. 2018 உடன்பாட்டின்படி 2019இல் "வட" என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது.
* எசுவாத்தினி: 2018இல் "சுவாசிலாந்து" என்னும் பெயரை மாற்றிக்கொண்டது.
* துருக்கி: 2022இல் ஐக்கிய நாடுகள் அவையில் தன் ஆங்கிலப் பெயரைத் "துர்க்கியே" என மாற்றிப் பதிந்தது. தமிழ் வழக்கில் பெரிய மாற்றம் நிகழவில்லை.
* இந்தியா: அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை இந்தியா, பாரதம் ஆகிய இரு பெயர்களையும் தருகிறது. 2023 செப்தம்பரில் ஜி20 மாநாட்டு விருந்து அழைப்பிதழில் ஆங்கிலத்திலும் "பாரத்" என்று அச்சிடப்பட்டது விவாதத்தைக் கிளப்பியது.

தமிழில் எழுதும்போது

இலங்கையைப் பற்றித் தமிழில் எழுதும்போது கீழ்க்காணும் முறை தெளிவைத் தரும்.

1. எக்காலத்தைப் பற்றி எழுதினாலும் நாட்டின் பெயராக "இலங்கை" என்பதைப் பயன்படுத்தலாம்.
2. ஆங்கிலப் பெயர் மாற்றத்தையே விளக்கும் இடங்களிலும், "சிலோன் தேயிலை" போன்ற வணிகப் பெயர்களிலும் "சிலோன்" என்பதை எழுதலாம்.
3. கட்சி, நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களை அவை தமிழில் தமக்கு வைத்துக்கொண்டவாறே எழுதுவது முறை. "ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி" என்பதை "இலங்கைச் சுதந்திரக் கட்சி" என மாற்றலாகாது.
4. இலக்கியத்திலும் கல்வெட்டிலும் "ஈழம்" என்றிருப்பின் அவ்வாறே எழுதி, அது தீவு முழுவதையும் குறிப்பதைச் சுட்ட வேண்டும்.
5. சட்டம், உடன்படிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடும்போது ஆண்டையும் சேர்த்துத் தருவது நலம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எப்பெயரிலிருந்த நாட்டின் சட்டம் என்பது ஆண்டைக் கொண்டே விளங்கும்.

பெயர் மாற்றங்களின் காலவரிசை

* 1948 பிப்ரவரி 4: விடுதலை, ஆங்கிலப் பெயர் சிலோன், தமிழில் இலங்கை.
* 1972 மே 22: குடியரசு, ஆங்கிலப் பெயர் ஸ்ரீ லங்கா, தமிழில் இலங்கை.
* 1978 செப்தம்பர் 7: முழுப்பெயர் இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு.
* 1987: தமிழும் ஆட்சிமொழி.
* 2010: ".இலங்கை" என்னும் தமிழ்க் களப்பெயர்.